கார்னர், மர்ரே, என் மாமா

ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் வணிகவியல் துறை மேசையில் புத்தகங்கள் குவியும். பதிப்பகப் பிரதிநிதிகள் கொடுத்துவிட்டுப் போகும் இலவசப் பிரதிகள். அட்டையில் ஏறக்குறைய ஒரே தலைப்பு: அட்வான்ஸ்டு அக்கவுண்டன்சி. "மேடம், போன எடிஷனைவிட நூறு பக்கம் ஜாஸ்தி" என்பார் ஒருவர். "எங்களதுல போட்டுக் காட்டுன கணக்கு அதிகம்" என்பார் இன்னொருவர். எடை போட்டு விற்கிற மாதிரி இருக்கும்.

இதில் எதை மாணவர்களுக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்யும் வேலை சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. நான் முன்னுரையைப் பார்ப்பதில்லை. நேராகக் கூட்டாண்மைக் கலைப்பு அத்தியாயத்துக்குப் போய், ஒரு பங்குதாரர் நொடித்துப்போனால் என்ன செய்வது என்ற பக்கத்தைத் திறப்பேன். அதற்குக் காரணம், ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு பைசல்.

ஆட்டையாம்பட்டி என்றால் சேலத்துக்காரர்களுக்குக் கை முறுக்கு. எங்கள் வீட்டிலும் அதுதான் பிழைப்பு. அப்பா, பெரியப்பா, மாமா மூவரும் சேர்ந்து நடத்தினார்கள். வீட்டில் அதை 'கம்பெனி' என்போம். பெரியப்பா போட்ட முதல் 2,40,000 ரூபாய். அப்பா போட்டது 60,000, மிச்சத்துக்கு உழைப்பு. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கடைகளுக்குச் சரக்குப் போட்டு வசூல் செய்வார். லாபம் மூவருக்கும் சமம். வசூலில் மாமா கைவைத்துக்கொண்டே போனார். அவர் முதலும் கரைந்து, அதற்கு மேல் 30,000 ரூபாய் பற்று நின்றது. ஒருநாள் பெரியப்பா "இத்தோட போதும்" என்றார்.

நான் அப்போது பி.காம். இரண்டாம் வருடம். "கணக்குப் படிக்கிற புள்ள வீட்டுலயே இருக்குது, அதையே போடச் சொல்லு" என்றார் பெரியப்பா. கடனெல்லாம் அடைத்து, பாத்திரம், அடுப்பு, இருந்த சரக்கு எல்லாவற்றையும் விற்றதில் 90,000 ரூபாய் நட்டம். ஆளுக்கு 30,000. ஆக மாமா தர வேண்டியது 60,000. அவரால் புரட்ட முடிந்தது பத்தாயிரம்தான். மிச்சம் 50,000 யார் தலையில்?

என்னிடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தடிப் புத்தகம் இருந்தது. பெயர் வேண்டாம். அதில் ஒரே வரி: நொடித்தவரின் பற்றாக்குறையை மற்றவர்கள் தங்கள் முதல் விகிதத்தில் ஏற்க வேண்டும். அதன் கீழே வரிசையாகப் பதிவுகள். அப்படியே போட்டேன். நான்குக்கு ஒன்று. பெரியப்பாவுக்கு 40,000, அப்பாவுக்கு 10,000.

அப்பா நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "லாபம் சமம்னா நட்டமும் சமந்தானே கண்ணு? இது மட்டும் எதுக்கு வேற மாதிரி?"

"புக்குல அப்படித்தான்ப்பா போட்டிருக்குது."

"சரி, ஏன்னு போட்டிருக்குதா?"

இல்லை. பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சாதகமாக மகள் கணக்குப் போடுகிறாள் என்று நினைத்திருப்பாரோ என்று இன்றைக்கும் எனக்கு உறுத்தல். நாளைக்குச் சொல்கிறேன் என்று நோட்டை மூடினேன்.

கல்லூரி நூலகத்தில் அந்த அலமாரி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: குப்தா–ராதாசுவாமி, சுக்லா–கிரேவால், ரெட்டி–மூர்த்தி. அட்டை கிழிந்த இன்னும் சில. மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்தேன். அப்போதுதான் கார்னர் – மர்ரே வழக்கு புரிந்தது. 1904 என்ற ஆண்டோடு புத்தகங்களில் வரும் இங்கிலாந்து வழக்கு. கார்னர், மர்ரே, வில்கின்ஸ் என மூன்று பங்குதாரர்கள். லாபம் சமம், முதல் சமமில்லை. கடைசியில் கார்னருக்கு 2,500 பவுண்டு, மர்ரேவுக்கு 314 பவுண்டு வர வேண்டும். வில்கின்ஸ் 263 பவுண்டு தர வேண்டும், அவரிடம் ஒன்றுமில்லை. எங்கள் திண்ணைதான் அது.

நீதிபதி இரண்டு விஷயங்களைப் பிரித்தார். தொழிலில் வந்த நட்டம் ஒன்று. அதை லாப விகிதத்தில்தான் எல்லோரும் தாங்க வேண்டும். வில்கின்ஸ் தர முடியாமல் போனது வேறு. அது தொழில் நட்டம் இல்லை. கூட இருந்தவர்களுக்கு அவர் வைத்த பாக்கி. அந்தப் பாக்கி வராததால், கையில் இருக்கிற பணத்தை அவரவருக்கு வர வேண்டிய முதலின் அளவுப்படி பிரிக்க வேண்டியதாகிறது. அதனால்தான் துண்டு விழுவதும் அந்த அளவில் விழுகிறது. நம்முடைய 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 48-வது பிரிவும் இங்கிலாந்துச் சட்டத்தின் வாசகத்தை ஒட்டியே இருக்கிறது. அந்த வழக்கு நம் புத்தகங்களில் உட்கார்ந்திருப்பது அதனால்தான். கூடவே ஒன்று: பங்குதாரர்கள் வேறு மாதிரிப் பேசி முடித்துக்கொண்டால் அதுதான் செல்லும்.

சாயங்காலம் திண்ணையில் இதையெல்லாம் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். "அப்ப மச்சான் தராதது தொழில் நட்டமில்ல. எங்க ரெண்டு பேருக்கும் அவன் வெச்ச கடன். அண்ணன் போட்ட பணம் ஜாஸ்தி, அதனால அடியும் ஜாஸ்தி."

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "மச்சானக் கூட்டியாந்தது நானு. பாதி எம்பேர்ல எழுது" என்றார்.

பெரியப்பா "வேண்டாண்டா" என்றார். அப்பா கேட்கவில்லை. நிலைப்படி ஓரமாக நின்றிருந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அடித்துத் திருத்தினேன். ஆளுக்கு 25,000. பெரியப்பா 1,85,000 எடுத்துக்கொண்டார். அறுபதாயிரம் போட்ட அப்பா ஐயாயிரத்தோடு எழுந்தார்.

எனக்குக் கோபம். விட்டுக்கொடுத்த அந்தப் பதினைந்தாயிரம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. என் அடுத்த வருட ஃபீஸ் அதில் இருந்தது. நெடுநாள் கழித்துத்தான் ஒன்று பிடிபட்டது. முதல் நாளே பாதிப் பாதி என்று முடித்திருந்தாலும் அப்பாவுக்குக் கிடைத்திருப்பது அதே ஐயாயிரம்தான். ஆனால் அது தெரியாமல் போன பணமாக இருந்திருக்கும். மறுநாள் போனது தெரிந்தே கொடுத்த பணம். விதிக்குக் காரணம் தெரிந்தவரால்தான் அதைத் தாண்டவும் முடிகிறது.

அதனால் என் முதல் சோதனை இதுதான்: பதிவுக்கு முன்னால் காரணம் இருக்கிறதா?

இரண்டாவது, கன்சைன்மென்ட் அத்தியாயம். ஏஜென்டுக்குச் சரக்கு அனுப்பி விற்கிற கணக்கு. நூறு டின் முறுக்கு, வண்டி வாடகையோடு அடக்கம் 19,000 ரூபாய். அதில் ஐந்து டின் அளவு உடைவது எப்போதும் உள்ளது. அதைத் தனியாக நட்டம் என்று எழுதுவதில்லை. மிச்சமுள்ள 95 டின்களும் அதைத் தாங்கும். ஒரு டின் அடக்கம் 200 ரூபாய் ஆகும். வண்டி கவிழ்ந்து போனால் அது வேறு. சரக்கின் அடக்கத்தில் ஏற்றாமல் தனியே பிரித்து லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். பல புத்தகங்கள் இதை இரண்டு சூத்திரங்களாக மட்டும் கொடுக்கின்றன. அம்மாவிடம் சொன்னபோது, "உடையறது முறுக்கோட குணம், வண்டி கவிழறது நம்ம கெரகம்" என்றாள். எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, தேதி. 2011 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் இருப்புநிலைக் குறிப்பை மேலிருந்து கீழாகத்தான் எழுத வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும் அதைத்தான் சொல்கிறது. அட்டையில் 'புதிய பதிப்பு' என்று போட்டுவிட்டு, உள்ளே கம்பெனிக்கு இடது வலது என்று பழைய படிவத்தை வைத்திருந்தால் அந்தப் புத்தகத்தைத் தள்ளிவிடுவேன்.

நாலாவது, விடைகள். அச்சுப்பிழை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. ஆனால் அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை பற்று, வரவு, பேரேடு என்று தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் விழுகிற பிள்ளை, விடை பொருந்தாவிட்டால் புத்தகத்தைச் சந்தேகப்படாது. தன்னைத்தான் சந்தேகப்படும். அந்தத் தடிப் புத்தகத்தில் ஒரு கணக்கை நான் விடிய விடியப் போட்டு 600 ரூபாய் இடித்தது. ஆறு மாதம் கழித்து ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு "விடை தப்பும்மா" என்றார். அந்த ஆறு மாதமும் எனக்குக் கணக்கு வராது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு புத்தகத்தைச் சொல்லும் முன், அத்தியாயத்துக்கு இரண்டு கணக்காவது நானே போட்டுப் பார்த்துவிடுவேன். பக்க எண்ணிக்கை, ஆசிரியரின் பட்டங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் நூலகப் பிரதியின் கடைசி வெள்ளைத்தாளில் பென்சிலில் ஒரு பட்டியல் ஓடுகிறது. தவறான விடைகளைக் கண்டுபிடித்தவர்கள் எழுதுவது, ஆரம்பித்துவைத்தது நான். போன வருடம் ஒரு மாணவி, தறி ஓட்டுகிற வீட்டுப் பெண், கலைப்பு அத்தியாயத்தில் ஒரு கணக்கின் எண்ணைக் குறித்து எழுதியிருந்தாள்: "விடை சரி. ஏன் என்று சொல்லவில்லை."