கண்மாய்ப் பிள்ளைகள் பார்த்த கடல்

"கடல்லயும் தண்ணி வத்துமா சார்? எங்க கண்மாய் மாதிரியா?"

பஸ் அருப்புக்கோட்டையைத் தாண்டுவதற்குள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆரம்பித்துவிட்டாள். விடிகாலை நாலரை மணி. பக்கத்துக் கிராமத்துப் பள்ளியின் சுற்றுலா அது. அறிவியல் ஆசிரியர் என் நண்பர். துணைக்கு நானும் தொற்றிக்கொண்டேன். பிள்ளைகளில் பாதிப்பேர் கடலையே பார்த்ததில்லை. இத்தனைக்கும் மன்னார் வளைகுடா நமக்கு நூறு கிலோமீட்டருக்குள்தான்!

திருச்சுழி இருட்டில் போய்விட்டது. கமுதியில் விடிந்தது. பாலத்துக்குக் கீழே குண்டாறு, மணலும் சீமைக்கருவேலமும்தான். "நம்ம திருச்சுழி ஆறுதான் இது. மூக்கையூர்கிட்ட கடல்ல சேருது" என்றார் ஆசிரியர். "தண்ணியே இல்லாம எப்படி சார் போய்ச் சேரும்?" என்றான் ஒரு பையன். பஸ்ஸே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை.

வாலிநோக்கம் நெருங்கியதும் உப்பளங்கள். ஏழு மணிக்குக் கரையில் இறங்கினோம். அமாவாசைக்கு மறுநாளாகப் பார்த்துத்தான் தேதி குறித்திருந்தார் நண்பர். சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் பத்து மீட்டர்வரை போகும். இங்கே ஒரு மீட்டருக்குள்தான். பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கடல் பின்வாங்கிய பாறைகளில், குழிக்குக் குழி தண்ணீர் தேங்கி நின்றது.

முதலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "வெறும் பாசிதான் சார்" என்றார்கள். "குத்தவச்சு அஞ்சு நிமிஷம் பேசாம பாருங்க" என்றார் நண்பர். பாறையில் சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி ஒட்டியிருந்தவை கொட்டலசு. தண்ணீருக்குள் இருந்தவை மட்டும் மூடி திறந்து, மயிரிழைக் கால்களால் இரையை வாரின. பூ என்று நினைத்த கடல் சாமந்தி, நிழல் பட்டதும் சுருங்கியது. ஒரு சங்கு தானாக நடந்தது. உள்ளே துறவி நண்டு! காலிச் சங்கில் குடியேறி, உடம்பு வளர வளர வீடு மாற்றும் ஜீவன். ஓரத்தில் கருப்பாக ஒரு கடல் அட்டை. "தொடாதீங்க. 2001-லேர்ந்து இதைப் பிடிக்கிறதே சட்டப்படி குத்தம்" என்று எச்சரித்தார்.

வெயில் ஏறினால் இந்தக் குழித் தண்ணீர் சுடும், உப்பு கூடும். மழை பெய்தால் உப்பு குறையும். அத்தனையையும் தாங்கித்தான் இவை பிழைக்கின்றன. சித்திரையில் கண்மாய் வற்றி, பள்ளத்தில் கெண்டையும் கெளுத்தியும் துடிப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "இங்க சாயங்காலத்துக்குள்ள தண்ணி திரும்ப வந்துரும்ல?" என்று மட்டும் கேட்டார்கள்.

அப்போதுதான் கவனித்தோம். காலையில் கேள்வி கேட்ட சிறுமியின் தண்ணீர் பாட்டிலுக்குள் ஒரு துறவி நண்டு. தம்பிக்காம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குச் சுற்றுலாக் காசு கட்ட முடியாததால் அவன் வரவில்லை. நண்பருக்கு வாய் எழவில்லை. எனக்கும்தான். ஒரு நண்டுதானே, போகட்டுமே என்றுகூட நினைத்தேன்.

பக்கத்தில் பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய அக்கா ஒருவர், பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்தபடியே பாட்டிலை எட்டிப் பார்த்தார். "மூடின பாட்டில்ல, இந்த வெயில்ல, உங்க ஊரு வரைக்கும் இது தாங்காது பாப்பா. செத்ததையா தம்பிக்குக் குடுப்ப?"

அவள் பதில் சொல்லவில்லை. கண் கலங்கியது. அதற்குள் குழிகளுக்கு நடுவே தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. "ஏத்தம் வந்துருச்சு, கெளம்புங்க" என்று அந்த அக்கா விரட்டினார். வழுக்குப் பாசியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கரையேறினோம். அவள் மட்டும் எடுத்த குழிக்கே போய், குனிந்து, பாட்டிலைச் சாய்த்துவிட்டு வந்தாள். ஆசிரியர் அந்த நண்டைத் தன் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார், தம்பிக்குக் காட்ட.

திரும்பும்போது பார்த்தால் அவள் மடியில் அதே பாட்டில், நிறையக் கடல் தண்ணீர். மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தாள்.

"எங்க போர் தண்ணிய விடக் கொஞ்சம்தான் சார் கூட!"