மீனுக்கு அம்மை போட்ட வீடு!

பாபநாசம் படித்துறையில் நின்று ஒரு கைப்பிடி பொரியைத் தூவினால் போதும். தாமிரபரணி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, தண்ணீரே கொதிப்பதுபோல் ஆகிவிடும். அங்கிருந்து சில கிலோமீட்டர் கீழே, அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில், சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் கிடந்த பிவிசி குழாய்த் துண்டில் ஒளிந்திருந்த விரல் நீள மீன் ஒன்று மூன்று நாளாக எதையும் தின்னவில்லை. அந்த வீட்டில் நான்கு பேருக்கும் அதே கவலை.

வங்கியில் காசாளராக இருக்கும் அப்பா, உப்புநீர் மீன் தொட்டி வைத்தது மகளுக்காக. ஆறாம் வகுப்பு படிக்கும் அவளுக்கு, நீமோ படத்தில் வரும் கோமாளி மீன் என்றால் உயிர். வாங்கி வந்த இரண்டு கோமாளி மீன்களும் குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்ந்தவை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் போன்ற இடங்களில் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அப்படி வளர்ந்த மீன்கள் பொட்டலத் தீனியை முதல் நாளே தின்னும். மூன்று மாதம் எந்தப் பிரச்னையும் இல்லை.

அந்தத் தைரியத்தில், ஒரு சனிக்கிழமை மூன்று பச்சைக் குரோமிஸ் மீன்களை வாங்கி வந்தார். பையை அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, அப்படியே தொட்டியில் சேர்த்தார். நாலாம் நாள், உடம்பெல்லாம் உப்புக்கல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஆச்சிதான் முதலில் பார்த்தார்.

"ஏலே, மீனுக்கு அம்மல்லா போட்டிருக்கு! பிள்ளையளுக்குப் போட்டா தனியா படுக்க வைக்கோம். இதையும் தனியா வைக்கப்படாதா?"

அப்பா சிரித்தார். பத்து நாளில் ஐந்து மீன்களும் போய்விட்டன. மகள் அழவில்லை. தொட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதுதான் அவரை உலுக்கியது.

தொட்டிக்குள் ஒளிந்திருக்கும் எதிரி

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தார். அந்தப் புள்ளிகளுக்குக் காரணம், கிரிப்டோகாரியான் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் சில நாள் தங்கித் தின்னும். பிறகு உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொள்ளும். அப்போது மீனின் புள்ளிகள் மறையும். 'சரியாகிவிட்டது' என்று நாம் நினைப்போம். கூடு வெடித்தால் நூற்றுக்கணக்கான குஞ்சு ஒட்டுண்ணிகள் மீனைத் தேடிப் புறப்படும். பரந்த கடலில் அவற்றில் பெரும்பாலானவை மீனைக் காணாமலே சாகும். நாலடித் தொட்டியில் மீன் எங்கே ஓடும்?

பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் வெடித்துவிடும். 72 நாள் வரை தாமதித்ததும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் அனுபவசாலிகள், நோய் கண்ட தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விடச் சொல்கிறார்கள். அவரும் விட்டார். வெறும் தண்ணீருக்கு 76 நாள் மோட்டார் ஓடியதைப் பார்த்து, மின்கட்டணத்தைக் காட்டி அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்ததே பெரிய விஷயம். உள்ளே இருந்த கடற்பஞ்சு போன்ற வடிகட்டியில் நல்ல பாக்டீரியாக்கள் சாகாமல் இருக்க, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வந்தார்.

பின்கட்டில் ஒரு தனி அறை

77-ம் நாள் அந்த வடிகட்டியை எடுத்து, பின்கட்டில் 60 லிட்டர் தொட்டி ஒன்றில் பொருத்தினார். இதுதான் தனிமைத் தொட்டி. மணல் இல்லை, கல் இல்லை. மருந்து போட நேர்ந்தால் அவை மருந்தை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் மட்டும். மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலே வலை மூடி. இதற்கென்று தனி வலை, தனி வாளி, தனித் துண்டு. ஒரு தொட்டியில் நனைந்த கை, கழுவாமல் அடுத்ததில் படக் கூடாது.

தாமிரபரணித் தண்ணீர் இருக்கும் ஊரில் கடல்நீருக்கு எங்கே போவது? சமையல் உப்பு உதவாது. கடலில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. அதற்கென விற்கும் கடலுப்புக் கலவையை, வடிகட்டிய நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைத்து, ஒரு நாள் முழுக்கக் காற்று ஓட்டினார்.

புதிதாக வந்தவை இரண்டு கோமாளிகளும் ஒரு ஃபயர்ஃபிஷ்ஷும். முன்பாதி வெள்ளை, பின்பாதி தீக்கங்கு, முதுகில் கொடிபோல் நீண்ட துடுப்பு. கடலில் நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும் பயந்த சுபாவம் அதற்கு. பொட்டலத் தீனி உருண்டையை அது உணவு என்றே நினைக்கவில்லை. மூன்று நாளாகப் பட்டினி கிடந்தது அதுதான்.

வழி, அடுக்களையில் கிடந்த சோடா பாட்டிலில் இருந்தது. அடியை வெட்டி, தலைகீழாக நிறுத்தி, உப்புநீர் ஊற்றி, ஆர்ட்டீமியா முட்டைகளைப் போட்டார். தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் சின்ன உப்புநீர் இறால் வகை அது. கடைகளில் கிடைக்கும் முட்டைகளில் ஒரு பகுதி அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியிலிருந்து வருகிறது. காற்றும் விளக்கொளியும் கொடுத்து, 28 டிகிரிச் சூட்டில் வைத்தால் சுமார் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும்.

மறுநாள் காற்றை நிறுத்தினார். ஓடுகள் மேலே மிதந்தன. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஆரஞ்சு மேகமாகத் திரண்டன. மெல்லிய குழாயால் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசி, பின்கட்டுத் தொட்டியில் விட்டார். சில மணி நேரம் போனால் குஞ்சுகளின் மஞ்சள் கரு தீர்ந்து சத்து குறைந்துவிடும். அதனால் தாமதிக்கக் கூடாது.

குழாயிலிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து.

"அப்பா, சாப்பிடுது!"

மகள் தொட்டிப் பக்கம் வந்து அன்றோடு மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றே நோட்டு ஒன்றை எடுத்து, நாளுக்கு நான்கு கட்டம் போட்டாள். ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாக. மிஞ்சினால் அழுகி அம்மோனியா ஆகும்.

அளவு தப்பினால் ஆபத்து

ஆறாம் நாள் ஒரு கோமாளியின் துடுப்பில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். அப்பாவின் முகம் வெளிறியது. ஆனால் இந்த முறை நோய் பின்கட்டிலேயே நின்றது. தாமிர மருந்தைத் தொடங்கினார். மணலும் கல்லும் உள்ள பெரிய தொட்டியில் இதைப் போட்டால் இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். தனித் தொட்டியில் அந்தப் பயம் இல்லை. அளவு குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். தினமும் காலையும் மாலையும் சோதனைக் குப்பியின் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஆச்சி ஒரு கொத்து வேப்பிலையோடு வந்தார். "உள்ள போட்டுராதீங்க அம்மா" என்று அப்பா பதறினார். "எனக்குத் தெரியாதாக்கும்" என்றபடி அவர் அதைத் தொட்டிக்கு வெளியே, நிலைவாசலில் சொருகிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அந்தக் கோமாளி தீனியைத் தொடவில்லை. நோட்டில் எட்டுக் கட்டங்கள் காலி. மூன்றாம் நாள் காலை ஆர்ட்டீமியாவைக் கொத்தியது. பிறகு உறைய வைத்த இறால் துணுக்கு, அதனோடு கலந்து ஊறவைத்த உருண்டைத் தீனி என்று மெல்ல மெல்ல மாறினார்கள். ஒரு மாதக் கடைசியில் ஃபயர்ஃபிஷ்கூட உருண்டையைத் துரத்தியது.

முப்பது நாள் மருந்து. அதை வடித்த பிறகு பன்னிரண்டு நாள் வெறும் கண்காணிப்பு. முதல் ஆறு நாளையும் சேர்த்தால் 48. 'குவாரன்டைன்' என்ற சொல் நாற்பது நாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பிளேக் காலத்தில் கப்பல்களைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவைத்த கணக்கு அது. ஆச்சிக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. "ஒரு மண்டலம்லா" என்றார்.

மூன்று மீன்களையும் பெரிய தொட்டிக்கு மாற்றிய ஞாயிற்றுக்கிழமை, நிலைவாசலில் காய்ந்துபோயிருந்த வேப்பிலைக் கொத்தை அவரே எடுத்தார். மகள் நோட்டின் கடைசிக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன எழுதுத?"

"இன்னைக்கு என்ன நாள் ஆச்சி?"

"எழுது. தலைக்குத் தண்ணி ஊத்துன நாளுன்னு எழுது."