கொல்லையில் ஓடிய நிழல்

சகோதரிகளே, கொல்லையில் கோழி வளர்க்கிறீர்களா? அப்படியானால் வானத்திலும் ஒரு கண் இருக்கட்டும்.

தாம்பரம் வீட்டில், பன்னிரண்டு குஞ்சுகளை மேயவிட்டுவிட்டுப் 'புரூப்' திருத்திக்கொண்டிருந்தேன். தரையில் ஒரு நிழல் ஓடிற்று. தாய்க்கோழி வீறிட்டது, குஞ்சுகள் சிறகுக்குள் பதுங்கின. ஒன்று மட்டும் பிந்திவிட்டது. பருந்தின் காலில் அது கீச்சிட்டுக்கொண்டே போனது இன்னும் காதில் ஒலிக்கிறது.

"ஒரு கவண் இருந்தால்..." என்று பல்லைக் கடித்தேன். பருந்தைக் கொல்வது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது பத்திரிகைக்காரிக்கே மறந்துவிட்டது!

"அதுக்கும் கூட்டிலே குஞ்சு இருக்குமே, அம்மாடி. பஞ்சாரம் வாங்கி வா" என்றார் மாமியார்.

புறா அளவு வளரும்வரை மூங்கில் பஞ்சாரத்துக்குள் வாசம். பிறகு வாழையும் கொய்யாவும் அடர்ந்த நிழலில் மேய்ச்சல். இலைமறைவில் பருந்து பாயத் தயங்குகிறது. பதினொன்றும் பிழைத்தன. திறந்துவிடும்போதெல்லாம் நான் மேலே பார்ப்பேன். அதற்குள் தாய்க்கோழி தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.