நான் எங்கே இருப்பேன்?

'மழை பெய்ததாம்' என்று சொன்னால், பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறோம் என்று பொருள். அந்த 'ஆம்' ஒட்டுக்குக் குழந்தைகள் இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். "நீ கடைக்காரராம். நான் காய் வாங்க வர்றேனாம்" என்பாள் என் மகள், நான்கு வயதில். அவ்வளவு போதும், சோபா கடையாகிவிடும். அது சோபா என்பதும் அவளுக்கு மறக்காது. கிளாஸ்கோவில் பிறந்தவள், நர்சரியில் ஆங்கிலத்தில் விளையாடுகிறவள். வீட்டு விளையாட்டு மட்டும் 'ஆம்' போட்டுத்தான்.

என் தொழில் மென்பொருள். குழந்தைகளின் மனம் பற்றிப் படிக்கத் தொடங்கியது அவளால்தான். 1983இல் ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் வெளியிட்ட ஆய்வில் மாக்ஸி என்றொரு சிறுவன் வருகிறான். சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் பச்சை என்பார்கள். தமக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. நான்கு, ஐந்து வயதில் கணக்கு மாறுகிறது. என் மகளும் முதலில் பச்சை என்றாள். சில மாதங்கள் கழித்துக் கேட்டபோது, "அவன்தான் பாக்கவே இல்லையே!" என்று என்னையே திருத்தினாள்.

1998இல் கெவின் ரிக்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் வேறொரு கதை சொன்னார்கள். பீட்டர் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறான். தபால் நிலையத்தில் தீப்பிடிக்கிறது. அணைக்க ஆள் வேண்டும் என்று அழைக்கிறார்கள், எழுந்து போகிறான். தீப்பிடிக்காமல் இருந்திருந்தால் பீட்டர் இப்போது எங்கே இருப்பான்? 'படுக்கையில்' என்ற விடை நமக்குச் சுலபம். சின்னக் குழந்தைகள் பலர் 'தபால் நிலையத்தில்' என்பார்கள். இதில் தடுமாறும் குழந்தைகளே மாக்ஸி போன்ற கதையிலும் தடுமாறுவதை அவர்கள் கண்டார்கள். நடக்காததை எண்ணிப் பார்ப்பதும் அடுத்தவர் மனத்தை ஊகிப்பதும் ஒன்றுக்கொன்று உறவு என்று தெரிகிறது. இரண்டுக்கும் கண்முன்னே இருப்பதைக் கொஞ்ச நேரம் தள்ளி வைக்கத் தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டில் 'இருந்திருந்தால்' என்ற சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. நான் மதுரைக்காரன், முதுகலை படிக்க வந்தவன். மனைவி யாழ்ப்பாணம். 1995 இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெற்றோருடன் நடந்தவள். நாங்கள் சந்தித்தது இந்த ஊரில். சனிக்கிழமை நண்பர்கள் வந்தால், சாப்பாடு முடிந்ததும் யாராவது தொடங்குவார்கள்: "ஊரிலேயே இருந்திருந்தால்..." தோட்டம், கிணறு, அம்மாவின் கடைசி நாட்கள் என்று பேச்சு நீளும்.

அப்படி ஓர் இரவில், ஆறு வயதாகியிருந்த மகள் படம் வரைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்பா, நீ மதுரைல இருந்திருப்பே. அம்மா யாழ்ப்பாணத்துல இருந்திருப்பாங்க. நான் எங்க இருப்பேன்?"

பீட்டரின் கேள்விக்குப் படுக்கை என்று ஒரு விடை உண்டு. இவள் கேள்விக்கு அப்படி ஓர் இடம் இல்லை. எங்கள் ஏக்கத்தை எங்கள் பக்கத்திலிருந்து பார்த்து, அதற்குள் தன்னைத் தேடியிருக்கிறாள். கிடைக்கவில்லை.

நான் ஏதோ சமாளிக்கப் போனேன். மனைவி அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். "சண்டை நடக்காமல் இருந்திருக்க வேணும் எண்டு நான் இப்பவும் நினைக்கிறன், குஞ்சு. நீ எனக்கு இருக்க வேணும் எண்டும் நினைக்கிறன். ரெண்டும் உண்மைதான்."

சாரா பெக்கும் உடன் ஆய்ந்தவர்களும் 2006இல் செய்த ஒரு சோதனையை அப்போது நினைத்துக்கொண்டேன். கீழே இரண்டாகப் பிரியும் சறுக்குக் குழாயில் ஒரு பொம்மை எலி வரப்போகிறது. எந்த வாயில் வழியாக வந்து விழும் என்று தெரியாது. சின்னக் குழந்தைகள் பலர் ஒரு வாய்க்குக் கீழே மட்டும் விரிப்பை வைப்பார்கள். இரண்டுக்கும் வைக்கத் தோன்றுவது கொஞ்சம் வளர்ந்த பிறகுதான். புலம்பெயர்ந்த நாங்களும் பல நேரம் ஒரு விரிப்போடுதான் நிற்கிறோம். வந்தது நல்லது என்போம், அல்லது வந்திருக்கவே கூடாது என்போம். அன்று அவள் இரண்டையும் விரித்தாள்.

அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நிற்கவில்லை, நிற்கவும் வேண்டாம். மகள் இருக்கும்போது அவளையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறோம், அவளும் இடம் பிடித்துக்கொள்கிறாள். மதுரை வீட்டு மாடியறை அவளுடையதாம். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் ஒரு பூனை வளர்க்கிறாளாம்.