விசில் வரலை... ஆனா அது கோல்!

ஞாயிற்றுக்கிழமைன்னா பத்து மணி வரைக்கும் போர்வைக்குள்ளேயே கிடக்கிற ஆளா நீங்க? ஒரே ஒரு வாரம் அதைத் தியாகம் பண்ணுங்க. சென்னை மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்க. சிப்காட் ஷிப்ட்டுக்குப் போற அண்ணன்கள் ஜன்னல் சீட்டை எல்லாம் பிடிச்சிருப்பாங்க. விடுங்க! எண்ணூர் தாண்டினா அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். அப்புறம் மீஞ்சூர், அனுப்பம்பட்டு... அடுத்து நம்ம ஸ்டேஷன், பொன்னேரி!

பொன்னேரின்னா ஆரணி ஆறு, சித்திரையில அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ண பெருமாளும் சந்திக்கிற திருவிழா, பழவேற்காடு பஸ்... இவ்வளவுதானே தெரியும்? நான் போனது ஃபுட்பால் பார்க்க.

ஊர் ஓரத்துல ஒரு கிரவுண்ட். போஸ்ட்டுக்கு வலைகூட கிடையாது. ஒரு பக்கம் கம்பெனி வேலைக்குப் போற பசங்க, இன்னொரு பக்கம் காலேஜ் பசங்க. ஸ்கோர் 1-1. முடிய அஞ்சு நிமிஷம். கம்பெனி டீமுக்கு த்ரோ-இன். டிஃபெண்டர்களுக்குப் பின்னாடி தனியா நின்னவன் காலுக்கே பந்து வந்துச்சு.

‘‘ஆஃப்சைடுடா, விட்டுடுங்க!’’ன்னு காலேஜ் கோச் ஓரத்துல இருந்து கத்தினார். பசங்க கையைத் தூக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க. அவன் நிதானமா தட்டி விட்டான். ரெஃப்ரி சென்டரைக் காட்டினார்... கோல்!

கோச் கொதிச்சுட்டார். ‘‘சார், த்ரோ-இன்ல இருந்து நேரா வாங்கினா ஆஃப்சைடு கிடையாது’’ன்னு ரெஃப்ரி பொறுமையாத்தான் சொன்னார். கோல் கிக், கார்னர் கிக்குக்கும் அப்படித்தான். 11-வது விதியிலேயே இருக்கு. கோச் கேட்கலை. டீமையே வெளியே கூப்பிட்டுட்டார். மேட்ச் காலி.

டீக்கடையில அந்த டீம் கேப்டனைப் பார்த்தேன். ஃபைனல் இயர். காலேஜுக்காக அவன் ஆடுற கடைசி மேட்ச் அது. ‘‘சார் சொன்னதைத்தாண்ணே செஞ்சோம்’’னு சொல்லிட்டு டீயைக் குடிக்காமலேயே வெச்சுட்டான்.

லோக்கல் கோச்தானேன்னு சிரிக்காதீங்க மக்களே. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். ஐ.எஸ்.எல். நாக்-அவுட்ல பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதுறாங்க. 90 நிமிஷத்துல கோலே இல்லை. எக்ஸ்ட்ரா டைம்ல ஒரு ஃப்ரீ கிக். கேரளா சுவர் கட்டி முடிக்கிறதுக்குள்ள சுனில் சேத்ரி சட்டுனு அடிச்சு உள்ளே தள்ளிட்டார். ‘விசிலே ஊதலையே!’ன்னு கேரளா கொதிக்க, கோச் இவான் வுகோமனோவிச் டீமோட வெளியேறிட்டார்.

சாதாரண ஃப்ரீ கிக்குக்கு விசில் தேவையில்லை. கார்டு காட்டினா, இல்லேன்னா சுவரைப் பின்னாடி தள்ள ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினா விசிலுக்குக் காத்திருக்கணும். எந்த வகைன்னு கேரளா வாதாடிப் பார்த்துச்சு, எடுபடலை. பெங்களூரு 1-0ன்னு ஜெயிச்சதாவே முடிஞ்சுது. பாதியில கிளம்பிப் போனதுக்கு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். கோச்சுக்கு 10 மேட்ச் தடை, கூடவே 5 லட்சம்!

கிளப் அபராதத்தைக் கட்டிடும். கோச்சும் 10 மேட்ச் கழிச்சுத் திரும்பி வந்துடலாம். பொன்னேரி பையனோட அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம் திரும்பி வருமா?

ஃபுட்பாலுக்கு மொத்தமே 17 விதிதான் பாஸ். நெட்லேயே ஃப்ரீயா கிடைக்குது. செமஸ்டர் சிலபஸை விட ரொம்பச் சின்னது! திரும்பி வர்ற லோக்கல்ல ஆஃப்சைடு, ஃப்ரீ கிக், த்ரோ-இன் மூணையும் படிச்சு முடிச்சுட்டேன். திருவொற்றியூர்கூட வரலை.

அடுத்த தடவை ஓரத்துல இருந்து யார் கத்தினாலும், அது உங்க கோச்சாவே இருந்தாலும், கையைத் தூக்கிட்டு நிக்காதீங்க. ரெஃப்ரி விசில் அடிச்சு நிறுத்துற வரைக்கும்... ஓடுங்க!