மூத்தம்மாவின் பாய்

நுவரெலியாக் குளிரில் சுபஹுக்குப் போகும் வாப்பாவுக்குக் கம்பளித் தொப்பி பின்ன ஆசைப்பட்டேன். ஊசியும் நூலும் இருந்தன. என்ன கோலம் போடுவது என்றுதான் விளங்கவில்லை.

விடுமுறையில் அக்கரைப்பற்றுக்குப் போனோம். தொழுதுவிட்டு எழும்பும்போதுதான் மூத்தம்மா முன்பு இழைத்த பன்பாயைக் கவனித்தேன். அதன் கட்டங்களை எண்ணிக் கொப்பியில் வரைந்தேன்.

பின்னியபோது கோலம் சப்பையாகிவிட்டது. பாயின் கட்டம் சதுரம். பின்னல் கண்ணியோ உயரத்தைவிட அகலம் கூடியது. அவிழ்த்து, வரிகளைக் கூட்டி, கோலத்தைப் புடைத்த கண்ணிகளால் மீண்டும் பின்னினேன்.

மூத்தம்மாவுக்கு இப்போது கண் தெரியாது. தொப்பியை விரல்களால் தடவிப் பார்த்தார்.

"இது என்ட பாய்தானே மகள்!"

அன்றிரவே, தன் நினைவிலிருந்த மற்றக் கோலங்களையும் கட்டம் கட்டமாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அடுத்தது உம்மாவுக்குக் கழுத்துச் சால்வை, இன்ஷா அல்லாஹ்.