கொலோன் நகரில் நவம்பர்த் திங்கள்

2023ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முழுவதும் ஜெர்மனி நாட்டின் கொலோன் நகரில், எங்கள் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். "இந்த மாதத்திலா வருகிறீர்கள், மாமா? வசந்த காலத்தில் வந்தால் ஊர் அழகாக இருக்குமே!" என்று மாப்பிள்ளை முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரித்திருந்தார். அவர் கூறியதில் பொய்யில்லை. ரைன் ஆற்றின்மேல் காலையில் படியும் மூடுபனி சில நாட்களில் நண்பகல் வரை விலகுவதில்லை. உலகப் புகழ் பெற்ற பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் பாதி உயரத்திற்குமேல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மழையோ நம் ஊர் ஐப்பசி அடைமழைபோல் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்வதில்லை. பொழுதெல்லாம் தூறித் தூறி எலும்புவரை நனைக்கிறது. அக்டோபர்க் கடைசி ஞாயிறன்றே கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிடுகின்றனர். ஆதலால் நவம்பர் இறுதியில் மாலை நான்கரை மணிக்கே கதிரவன் மறைகிறான்.

இருளும் ஈரமும் சூழ்ந்த இத்திங்களில்தான் அந்நாட்டார் இறந்தோரை நினைக்கும் நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றுள் சில நாட்களில், குறிப்பிட்ட நேரம் வரை ஆடல் பாடல் கேளிக்கைகளைச் சட்டமே தடுக்கிறது. 'அமைதி நாட்கள்' என்று அவற்றைக் குறிப்பிடுகின்றனர்.

நவம்பர் 2ஆம் நாள் நம் கிறிஸ்தவ அன்பர்கள் கல்லறைத் திருநாள் கொண்டாடுவதை நாம் அறிவோம். கொலோனில் அதற்கு முந்திய நாளான அனைத்துப் புனிதர் திருநாள் அரசு விடுமுறை. ஆகவே மக்கள் அன்று பிற்பகலே கல்லறைகளுக்குச் செல்கின்றனர். நாங்களும் மெலாட்டன் என்னும் இடுகாட்டைக் காணச் சென்றோம். அது 1810இல் திறக்கப்பட்டது. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் முதலில் உதிர்ந்த சருகுகளை அகற்றினார்கள். பின்பு பனிக்காலத்தில் குளிர் தாக்காதபடி குழந்தைக்குப் போர்வை போர்த்துவதுபோலக் கல்லறை மண்ணை ஊசியிலை மரக் கிளைகளால் மூடினார்கள். இறுதியில், காற்றும் மழையும் அணைக்காதவாறு சிவந்த கூட்டுக்குள் அமைந்த மெழுகு விளக்கை ஏற்றி வைத்தார்கள். அழுகுரல் எங்கும் இல்லை. பொழுது சாய்ந்ததும் மரங்களுக்கிடையே செவ்விளக்குகள் மட்டுமே தெரிந்தன.

அங்கே கல்லறை நிலம் எவருக்கும் என்றென்றைக்கும் உரிமையன்று என்று மாப்பிள்ளை விளக்கினார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். காலம் முடிந்தபின் புதுப்பிப்பார் இல்லையேல் இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆயினும், உரியவர் அற்றுப்போன பழைய சிறப்புமிக்க கல்லறைகளை அந்நியர் ஒருவர் பொறுப்பேற்றுச் செப்பனிட்டுக் காக்கலாம். அவ்வாறு காப்பவருக்குப் பின்னாளில் அங்கேயே அடக்கம் பெறும் உரிமை உண்டு. உறவற்றுப் போன கல்லறைக்கும் இப்படி ஒரு வளர்ப்புப் பிள்ளை கிடைத்துவிடுகிறது!

நவம்பர் 9ஆம் நாளின் நினைவு இன்னும் கடுமையானது. 1918இல் அந்நாளில்தான் முடியாட்சி வீழ்ந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. 1938இல் அதே நாளின் இரவில் நாடெங்கும் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, ஏறத்தாழ 30,000 யூத ஆடவர் பிடிக்கப்பட்டு வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1989இல் அதே நாளில் பெர்லின் சுவர் திறந்தது. அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட அந்நாளையே தேசிய விழாவாக்கியிருக்கலாம். ஆனால் 1938ஆம் ஆண்டின் பழியை ஆரவாரத்தால் மறைக்கலாகாது என்ற எண்ணம் நாட்டில் வலுவாக இருந்தது. தேசிய விழா அக்டோபர் 3ஆம் நாளுக்கு உரியதாயிற்று.

எங்கள் மகள் குடியிருக்கும் தெருவின் நடைபாதையில், ஒரு வீட்டு வாயிலுக்கு எதிரே, உள்ளங்கை அளவுள்ள மூன்று பித்தளைத் தகடுகள் பதிந்துள்ளன. 'தடுக்கும் கற்கள்' என்பது அவற்றின் பெயர். குந்தர் டெம்னிக் என்னும் கலைஞர் 1992இல் கொலோன் நகர மன்றத்தின் முன் முதற் கல்லைப் பதித்தார். இன்று ஐரோப்பாவெங்கும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட கற்கள் உள்ளன. "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டு செல்லப்பட்ட ஊர், முடிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். எங்கள் தெருவில் இருந்தவை ஒரு கணவன், மனைவி, அவர்களுடைய சிறுமி ஆகியோருக்கு உரியவை. மூவரும் 1941இல் ரீகாவுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள்.

அன்று மாலை அண்டை வீட்டார் சிலர் மண்டியிட்டு அத்தகடுகளைத் துணியால் துலக்கினர். எங்கள் ஆறு வயதுப் பேத்தியும் அவர்களோடு சேர்ந்து, நம் வீடுகளில் குத்துவிளக்கு துலக்குவதுபோல, கைவலிக்கத் தேய்த்தாள். வீடு திரும்பும் வழியில் திடீரென்று கேட்டாள்: "தாத்தா, உங்கள் அம்மாவின் கல் எங்கே இருக்கிறது?"

"கல் இல்லை, கண்ணு. காவிரியில் கரைத்துவிட்டோம்."

"அப்படியானால் அவர் பெயரை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?"

நாங்கள் விடை கூறவில்லை. அவள் தன் கொள்ளுப்பாட்டியின் பெயரையே கேட்டதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் தாயார் மறைந்தபோது டில்லியிலிருந்து நாங்கள் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது. பிறகு வீட்டையும் விற்றுவிட்டோம். ஆண்டுதோறும் திதி தவறாமல் கொடுக்கிறோம். ஆனால் புரோகிதர் சொல்லச் சொல்ல நாங்கள் முணுமுணுக்கும் பெயர்கள் எங்கள் மகள் காதிலேயே சரியாக விழுந்திருக்குமா என்பது ஐயமே.

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் மேலாடையை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியை ஈந்த ரோமானியப் போர்வீரர் அவர். அந்நாளையொட்டிக் குழந்தைகள் தாமே செய்த காகித விளக்குகளை ஏந்திப் பாடிச் செல்ல, செந்நிறப் போர்வை அணிந்த ஒருவர் குதிரைமீது முன் செல்கிறார். இறுதியில் தீ மூட்டி, மனித உருவில் சுட்ட இனிப்பு ரொட்டியைப் பகிர்ந்து கொடுக்கின்றனர். அதே நாள் முற்பகல் 11 மணி 11 நிமிடத்திற்குக் கொலோனில் வேடிக்கை விழாவின் பருவமும் தொடங்கிவிடுகிறது. துயர மாதத்தின் நடுவே வேடமிட்டுச் சிரிக்கவும் இந்நகரத்தார் அறிந்திருக்கின்றனர். அவ்வாண்டு மறுநாளே நம் தீபாவளி. பேத்தியின் காகித விளக்கு எங்கள் பூசை அலமாரியின் அருகிலேயே தொங்கியது.

19ஆம் நாள் ஞாயிறு, தேசியத் துக்க நாள். முதல் உலகப் போரில் மாண்டோருக்காக எழுந்த இந்நாளை நாஜிகள் 1934இல் 'வீரர் நினைவு நாள்' எனப் பெயர் மாற்றிப் போர்ப் பெருமைக்குப் பயன்படுத்தினர். இன்று அது போருக்கும் கொடுங்கோன்மைக்கும் இரையான எல்லா நாட்டவருக்கும் உரியது. பெர்லினுக்குத் தெற்கே ட்ஸேரன்ஸ்டோர்ஃப் என்னுமிடத்தில், முதல் உலகப் போரில் சிறைப்பட்டு அங்கேயே இறந்த நம் இந்தியப் போர்வீரர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோரின் கல்லறைகள் இருப்பதை மாப்பிள்ளை சொல்லக் கேட்டோம். 2005இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

அதனையடுத்த புதன்கிழமை தவம், வேண்டுதல் நாள். 1995 முதல் சாக்சனி மாநிலத்தில் மட்டுமே அது அரசு விடுமுறை. முதியோரைப் பேணும் காப்பீட்டுத் திட்டத்தின் செலவை ஈடுசெய்யப் பிற மாநிலங்கள் ஒரு விடுமுறையை விட்டுக்கொடுத்தன.

26ஆம் நாள், பிராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்களின் 'இறந்தோர் ஞாயிறு'. பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் 1816இல் ஏற்படுத்தியது. ஓராண்டில் மறைந்தோர் ஒவ்வொருவரின் பெயரையும் அன்று கோயிலில் உரக்கப் படிக்கின்றனர். அவ்வாண்டு அந்த ஞாயிறே திருக்கார்த்திகையாகவும் அமைந்தது.

அன்று மாலை டில்லியிலிருந்து கொண்டு சென்ற அகல்களைச் சாளரத்தருகே வரிசையாக வைத்தோம். பேத்தி ஒவ்வொரு திரியையும் ஏற்ற, நாங்கள் ஒவ்வொரு பெயராக உரக்கச் சொன்னோம். முதலில் எங்கள் தாயார் பெயர். பிறகு தந்தையார், பாட்டனார், பாட்டியார். நான்காம் தலைமுறைக்குமேல் எங்களுக்கும் தெரியவில்லை. வெட்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். அவள் அப்பெயர்களைத் தன் பள்ளி ஏட்டில் ஜெர்மன் எழுத்தில் எழுதிக்கொண்டாள். தமிழ் எழுத்தில் அருகே நாங்கள் எழுதிக் கொடுத்தோம்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு ஆற்றங்கரையும் இல்லை, கல்லும் இல்லை. பெயர்களேனும் எஞ்ச வேண்டாமா? நம் சங்கத்தைத் தோற்றுவித்த பெரியோர் பலர் இந்நகரிலேயே மறைந்தனர். அவர்கள் பெயர்களை எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அறிவர்? வரும் கார்த்திகை விழாவில் அப்பெயர்களை ஒருமுறை உரக்கப் படிக்கலாம் என்று செயற்குழுவினரை வேண்டுகிறோம். அதற்குமுன், அன்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் ஓர் ஏட்டைத் திறந்து, நினைவில் உள்ள பெயர்களை எழுதத் தொடங்கலாம். எங்கள் ஏட்டில் இதுவரை பதினொரு பெயர்கள் சேர்ந்துள்ளன. இன்னும் சிலவற்றைக் கேட்டறியக் கும்பகோணத்திலுள்ள அத்தைக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்.